டார்ச் ரிஃப்ளெக்டர் ஏன் நிறம் மாறுகிறது? புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அதிக சக்தியுள்ள டார்ச்சைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார்கள். பளபளவென்று இருந்த ரிஃப்ளெக்டர் கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். அல்லது அடிப்பக்கம் மட்டும் பழுப்பேறும். சில நேரம் வானவில் நிறம் காட்டும். விவரம் கேட்டால் உடனே வரும் பதில், “சூட்டில் எரிந்துவிட்டது, வேறு வாங்கி மாட்டு” என்பதுதான். வேறு மாட்டுவார்கள். அதுவும் அதேபோல நிறம் மாறும். இப்போது பழி “மட்டமான சரக்கு” என்று ரிஃப்ளெக்டர் மேல் விழும்.

இந்த இரண்டு பதிலும் அவசரத்தில் சொல்லப்படுபவை. ரிஃப்ளெக்டரில் தெரியும் நிறத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பலவும் ரிஃப்ளெக்டரில் தொடங்குவதில்லை. எல்இடியைச் சுற்றி நாம் வைத்த பசையிலோ, சால்டர் (கம்பியை ஒட்டவைக்க உருக்கி வைக்கும் உலோகக் கலவை) வைத்த இடத்திலோ தொடங்குகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை ரிஃப்ளெக்டர் மாற்றினாலும் பயனில்லை. எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ரிஃப்ளெக்டர் என்பது என்ன

டார்ச்சின் முன்பக்கம் குழிவாக, உட்புறம் கண்ணாடிபோல மின்னும் பாகம்தான் ரிஃப்ளெக்டர். அதன் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். பரவளையத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: அதற்குள் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் விளக்கை வைத்தால், சுவரில் மோதும் ஒளியெல்லாம் ஒரே திசையில் நேராகத் திரும்பி வெளியேறும். அந்தப் புள்ளியைக் குவியம் என்கிறோம். எல்இடியோ பல்போ அங்கேதான் உட்கார வேண்டும்.

டார்ச்சிலிருந்து ஒளி இரண்டு வழிகளில் வெளியே வருகிறது. ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச்சுவரின் நடுவில் பளீரென்று ஒரு வட்டமாக விழும். இதை மைய ஒளி என்று வைத்துக்கொள்வோம். ரிஃப்ளெக்டரைத் தொடாமல் நேரே வெளியேறும் ஒளி, அதைச் சுற்றி அகலமாக, மங்கலாகப் பரவும். அது ஓர ஒளி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குறையைக் கண்டுபிடிக்க இது மிகவும் உதவும்.

அடுத்தது அந்த மினுமினுப்பு. பெரும்பாலானவர்கள் ரிஃப்ளெக்டரை நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய உலோகம் என்று நினைக்கிறார்கள். பொதுவாக அது அப்படி இல்லை. அடியில் அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த உடல். அதன்மேல் மேற்பரப்பைச் சமமாக்க ஒரு வார்னிஷ் பூச்சு. அதற்கும் மேலே, காற்றில்லாத அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய படலம். ஒளியைத் திருப்புவது இந்தப் படலம்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் பூச்சு.

அலுமினியப் படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடி அதைப்போலப் பல நூறு மடங்கு தடிமனானது. துணியால் ஓங்கித் துடைத்தாலே ரிஃப்ளெக்டரில் கீறல் விழுவதற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், ரிஃப்ளெக்டர் ஒரே பொருள் இல்லை, அடுக்கடுக்கானது. “நிறம் மாறிவிட்டது” என்றால் எந்த அடுக்கு மாறியது, அல்லது எல்லா அடுக்குக்கும் மேலே வேறு எதுவும் வந்து உட்கார்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

## உண்மையிலேயே நிறம் மாறியிருக்கிறதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் ரிஃப்ளெக்டரைக் “கெட்டுவிட்டது” என்று தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளை எல்இடியின் சிப் உண்மையில் நீல ஒளியைத்தான் தருகிறது. அதன்மேல் பாஸ்பர் என்னும் மஞ்சள் நிறப் பூச்சு இருக்கும். அது நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்றிக் கொடுக்கும். மீதமுள்ள நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டு, கை நீட்டும் தூரத்தில் பிடித்து நேராக முன்னாலிருந்து பாருங்கள். ரிஃப்ளெக்டர் முழுக்க மஞ்சளாகத் தெரியும். குவியத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் புள்ளியை ரிஃப்ளெக்டர் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இன்னும் சொல்லப்போனால், இப்படி முழு ரிஃப்ளெக்டரும் ஒரே சீராக மஞ்சள் காட்டினால் எல்இடி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்இடிக்குப் பக்கத்தில் உள்ள மற்றவையும் இப்படியே ரிஃப்ளெக்டரில் நிழலாடும். மின்காப்புக்காக ஒட்டும் கேப்டன் டேப் இயல்பாகவே தேன் நிறம். சர்க்யூட் போர்டு பச்சையாக இருந்தால் ரிஃப்ளெக்டரின் கழுத்தில், அதாவது எல்இடியைச் சூழ்ந்த அடிப்பகுதியில், பச்சைச் சாயல் தெரியும். முன்னால் இருக்கும் கண்ணாடியில், ஒளி வீணாகாமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் அது ஊதாவாகவோ பச்சையாகவோ மின்னும். அதையும் ரிஃப்ளெக்டரின் நிறம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

சோதிப்பது எளிது. பேட்டரியை வெளியே எடுங்கள். டார்ச் ஆறியதும் ரிஃப்ளெக்டரைத் தனியாகக் கழற்றுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பாருங்கள். தாளின் வெள்ளை வெள்ளையாகவே பிரதிபலித்தால் ரிஃப்ளெக்டரில் குறை இல்லை. தாள் மஞ்சளாகவோ மங்கலாகவோ தெரிந்தால் தொடர்ந்து படியுங்கள்.

## மேலே வந்து படிவது

சொந்தமாகக் கட்டிய எல்இடி டார்ச்சுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு அந்தக் கண்ணாடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் சில மாதங்களில் அதன்மேல் பிசுபிசுப்பான மஞ்சள் படலம் ஏறிவிடும். சூடான பாத்திரத்திலிருந்து எண்ணெய் ஆவியாகக் கிளம்புகிறது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் அங்கேயே படிந்துவிடுகிறது. நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் பழுப்பாகிறது. கண்ணாடி கெட்டுப்போகவில்லை. வேறு எங்கிருந்தோ கிளம்பியது அதன்மேல் வந்து சேர்ந்திருக்கிறது.

டார்ச்சின் தலைப்பகுதியிலும் இதுவே நடக்கிறது. எல்இடி உட்கார்ந்திருக்கும் இடம்தான் அங்கே மிகச் சூடான இடம். ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் ஒப்பிட்டால் குளிர்ந்தவை. தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடியிருப்பதால் ஆவி வெளியேறவும் வழியில்லை. சூட்டில் ஒரு பொருளுக்குள்ளிருந்து ஆவி கசிந்து வெளியே வருவதை ஆவிக்கசிவு என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

எதிலிருந்து கசியும்? முதல் ஆள் ஃப்ளக்ஸ். சால்டர் நன்றாகப் பிடிக்க நாம் தடவும் பிசின் இது. சால்டர் கம்பிக்குள்ளேயே நிறைத்தும் வரும். வேலை முடிந்தபின் துடைக்காமல் விட்டால் எல்இடியைச் சுற்றி ஒரு தேன் நிறத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதன்முறை முழு சக்தியில் எரியவிட்டதும் அது இளகி, புகைந்து, ரிஃப்ளெக்டரின் கழுத்தில் மஞ்சள் பழுப்பாகப் படியும். புத்தம்புது டார்ச் முதல் நாளே மஞ்சளானால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். எல்இடியின் சூட்டை அடியிலிருக்கும் உலோகத்துக்குக் கடத்த நடுவில் தடவும் பசை அது. பலரும் “கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்” என்று அப்பிவிடுகிறார்கள். அதிகமானது பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். சிலவகைப் பேஸ்டில் உள்ள சிலிக்கோன் எண்ணெய் சூட்டில் பிரிந்து பரவி, ரிஃப்ளெக்டரில் எண்ணெய்ப் படலமாகும். அந்த வானவில் நிறத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் ஏன் வண்ணம் காட்டுகிறதோ அதே காரணம்தான்: மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வகைப் படலம் பெரிய ஒளியிழப்பைத் தருவதில்லை. ஆனால் அது வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மூன்றாவது சூப்பர் க்ளூ. இதன் ஆவி படிந்தால் மஞ்சளாகாது. வெள்ளையாக, மாவு தூவியதுபோல மூடும். அதிலும் விரல் பட்ட இடங்களில் அதிகமாகப் பிடிக்கும். தடய அறிவியலில் கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரிஃப்ளெக்டரில் உங்கள் விரல் ரேகை வெள்ளை வெள்ளையாக எழுந்து நின்றால் காரணத்தைத் தேடி வேறெங்கும் போகவேண்டாம்.

நான்காவது, ஆறும்போது வினிகர் வாடை வரும் சிலிக்கோன் பசை. அந்த வாடையே அசிட்டிக் அமிலத்தினுடையது. மூடிய டார்ச்சுக்குள் அது உலோகப் படலத்தை மெல்ல அரிக்கக்கூடும். அமிலம் விடாத வகைச் சிலிக்கோன் பசையும் கிடைக்கிறது. டார்ச்சுக்குள் அதை மட்டும் வையுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆவிகள் ரிஃப்ளெக்டரை மட்டும் பாதிப்பதில்லை. எல்இடியை மூடியிருக்கும் சிலிக்கோன் குமிழுக்குள்ளும் ஊடுருவும். உள்ளே சிக்கிய ஆவி, கடுமையான நீல ஒளியிலும் சூட்டிலும் பழுப்பாகி, எல்இடியின் ஒளியையே மங்க வைக்கும். க்ரீ, ஓஸ்ராம் போன்ற எல்இடி தயாரிப்பாளர்கள் எந்தெந்தப் பொருள்களை அருகில் வைக்கக் கூடாது என்று எச்சரிக்கைக் குறிப்புகளே வெளியிட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக, இந்தப் பழுப்பு சில நேரம் திரும்பிப்போகும்: டார்ச்சின் தலையைத் திறந்து, காற்றுப் படும்படி எல்இடியை எரியவிட்டால் சிக்கிய ஆவி வெளியேறிக் குமிழ் தெளியக்கூடும். ரிஃப்ளெக்டரில் படிந்தது அப்படித் தானாகப் போகாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: டார்ச்சுக்குள் சூடான இடத்தில் எதை விட்டுவைத்தாலும் அது குளிர்ந்த இடத்தில் வந்து உட்காரும். மஞ்சள் பழுப்பு என்றால் ஃப்ளக்ஸ், வானவில் என்றால் எண்ணெய், வெள்ளை மாவு என்றால் சூப்பர் க்ளூ என்று தொடங்கிச் சரிபாருங்கள்.

## உண்மையான சூடு எப்போது காரணம்?

“எரிந்துவிட்டது” என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். இதில் எல்இடி டார்ச்சையும் ஹாலஜன் பல்பு டார்ச்சையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் விளக்கத்தை மற்றொன்றுக்குச் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஹாலஜன் பல்பு வாங்கும் மின்சாரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக எல்லாத் திசையிலும் பாய்கிறது. பல்பின் கண்ணாடியே 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். இப்படிப்பட்ட 50 அல்லது 100 வாட் பல்பைச் சாதாரண டார்ச்சின் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டருக்குள் வைத்தால் உண்மையிலேயே எரியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுமார் 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 டிகிரி வரை தாங்கும். இளகும்போது மேலே உள்ள அலுமினியப் படலம் சுருங்கி, வெடித்து, பால்போல வெளுத்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. உலோக ரிஃப்ளெக்டரும் முன்பக்கத்துக்கு உண்மையான கண்ணாடியும்தான் வழி.

எல்இடியின் கதை வேறு. அதன் சூடு பெரும்பாலும் முன்பக்கமாக வருவதில்லை. சிப்பின் அடிப்பக்கமாக, உலோகத்தின் வழியே இறங்குகிறது. 30 வாட் எடுக்கும் ஒரு எல்இடியில் 10 வாட் ஒளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 வாட் ரிஃப்ளெக்டரில் படட்டும். சுத்தமான அலுமினியப் படலம் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே தங்குவது 0.7 வாட்தான், அதுவும் ரிஃப்ளெக்டர் முழுக்கப் பரந்து. இந்தச் சூடு ரிஃப்ளெக்டரை எரிக்காது. எல்இடி டார்ச்சில் ரிஃப்ளெக்டர் சூட்டால் மட்டும் எரிவது அரிது என்று இதனால்தான் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் பழுப்பான எல்இடி ரிஃப்ளெக்டர்களில் கருகியதுபோன்ற தடம் எப்படி வருகிறது? படிவும் சூடும் கைகோக்கும்போது வருகிறது. படிவு ஏறி, திருப்பும் திறன் 90-லிருந்து 80 விழுக்காடாகக் குறைகிறது என்று வையுங்கள். வெளியே வரும் மைய ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் உள்ளே தங்கும் பங்கு 10-லிருந்து 20 ஆகிறது, அதாவது இரண்டு மடங்கு. மஞ்சள் பழுப்புப் படலம் நீல ஒளியை அதிகமாக விழுங்கும். வெள்ளை எல்இடி வெளிவிடும் ஒளியில் நீலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் படிவு இருக்கும் இடம் மேலும் சூடாகி, மேலும் கருத்து, இன்னும் அதிகமாக விழுங்கும். எல்இடிக்கு அருகே இது வேகமாக நடக்கும். தொடக்கத்தில் யாரும் கவனிக்காத மங்கல், சில வாரங்களில் திடீரென்று கருப்பாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே தள்ளிவிடலாம். இரும்பையும் டைட்டானியத்தையும் சூடேற்றினால் பொன்னிறம், ஊதா, நீலம் என்று நிறம் மாறும். அலுமினியம் அப்படி மாறாது. அது 660 டிகிரியில் உருகும். அதுவரையிலும் அதன்மேல் உருவாகும் ஆக்சைடு படலம் மெல்லியதாக, நிறமற்றே இருக்கும். எனவே “அலுமினியம் சூட்டில் நீலமாகிவிட்டது” என்ற விளக்கம் சரியில்லை. நீலமோ பொன்னிறமோ தெரிந்தால், மேலே உள்ள பாதுகாப்புப் பூச்சு மாறியிருக்கிறது, அல்லது ஏதோ படிந்திருக்கிறது.

## அரிப்பு

ஈரம் உள்ளே சிக்கினால் பாதுகாப்புப் பூச்சில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் வழியே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். ஊசிமுனைப் புள்ளிகளாகத் தொடங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரில் அந்தப் புள்ளிகள் வழியே ஒளி ஊடுருவுவதுகூடத் தெரியும். வெள்ளி பூசிய ரிஃப்ளெக்டராக இருந்தால் காற்றிலோ ரப்பரிலோ உள்ள கந்தகம் போதும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கருப்பு.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பேட்டரி. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளிவருவது காரம். அது அலுமினியத்தை வேகமாகத் தின்னும். லித்தியம் அயன் பேட்டரியிலிருந்து ஆவி வெளியேறியிருந்தால் நிலைமை இன்னும் ஆபத்தானது. அதன் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அது தோலையும் நுரையீரலையும் கடுமையாகப் பாதிக்கும். டார்ச்சைத் திறந்ததும் இனிப்பான பெயிண்ட் தின்னர் போன்ற வாடை வந்து, ரிஃப்ளெக்டரும் மங்கியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். காற்றோட்டமான திறந்த வெளிக்கு எடுத்துப் போய் விலகி இருங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். ரிஃப்ளெக்டரைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

## கறை இருக்கும் இடத்தைப் படிப்பது

காரணங்கள் தெரிந்துவிட்டன. அப்புறம் கறையின் இடமும் வடிவமும் பேசத் தொடங்கிவிடும்.

எல்இடியைச் சூழ்ந்த கழுத்தில் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பழுப்பு, மேலே போகப்போக மங்கல் என்றால் அது ஆவிக்கசிவு. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பி சால்டர் வைத்த இடம் அங்கே இருக்கும்.

கழுத்தின் விளிம்பில் கருப்புப் புள்ளியும் சிறு குழியும் இருந்தால் அது மின்பொறி. ரிஃப்ளெக்டரின் உலோக அடி, எல்இடியின் சால்டர் மேட்டைத் தொட்டிருக்கிறது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அடுத்தமுறை பேட்டரியே நேரடியாகக் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஆகலாம். நடுவில் இருக்கும் மின்காப்பு வளையம் நசுங்கியிருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்இடியை நடுவில் நிறுத்தும் அந்தப் பிளாஸ்டிக் வளையமே பழுப்பாகியிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வளையம் எல்இடியின் ஒளி விடும் பரப்பில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அல்லது எல்இடியின் சூடு சரியாகக் கீழே இறங்கவில்லை. மூன்றாவதாக யாரும் யோசிக்காத ஒன்று உண்டு: வெயில். பரவளையம் இரண்டு திசையிலும் வேலை செய்யும். டார்ச்சைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டுப் போனால், வெயில் முழுவதும் குவியத்தில், அதாவது எல்இடியின் மேலேயே குவியும். அணைத்து வைத்த டார்ச்சிலும் வளையமும் குமிழும் கருகும்.

விளிம்புப் பக்கம் மட்டும் மங்கல் என்றால் ஈரமாகவோ ரப்பர் வளையத்துக்குத் தடவிய கிரீஸாகவோ இருக்கும். இது பெரும்பாலும் பெரிய விஷயமில்லை.

## சுவரில் ஒரு சோதனை

இப்போது மைய ஒளியும் ஓர ஒளியும் உதவிக்கு வருகின்றன. கெட்டது ரிஃப்ளெக்டரா, எல்இடியா, முன்கண்ணாடியா என்று பிரிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. எந்தக் கருவியும் வேண்டாம்.

இருட்டறையில் வெள்ளைச் சுவரில் அடியுங்கள். ஓர ஒளி வெள்ளையாகவும் மைய ஒளி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் சந்தேகம் ரிஃப்ளெக்டர் மேல் போகட்டும். ஏனென்றால் ஓர ஒளி ரிஃப்ளெக்டரைத் தொடுவதே இல்லை. இரண்டுமே மஞ்சளாக இருந்தால் அவை இரண்டும் கடந்து வந்த ஏதோ ஒன்று மாறியிருக்கிறது: ஒன்று எல்இடி, இல்லையென்றால் முன்கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி அடித்தால் அந்தக் கேள்வியும் தீரும். பிறகு ரிஃப்ளெக்டரையும் எடுத்துவிட்டு வெறும் எல்இடியைக் குறைந்த சக்தியில் சுவரைப் பார்த்து எரியவிடுங்கள். எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில எல்இடிகள் புதிதாக இருக்கும்போதே நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமும் தரும். டார்ச் கட்டிய அன்றே சுவரில் அடித்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், பிறகு ஒப்பிட அது கைகொடுக்கும்.

## சுத்தம் செய்யலாமா?

படிவு என்றால் முயலலாம். பூச்சே மாறியிருந்தாலோ அரித்திருந்தாலோ எதைத் தடவினாலும் திரும்பாது.

முதலில் ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் ரிஃப்ளெக்டரை மூழ்கவைத்து மெல்ல அசையுங்கள். தேய்க்க வேண்டாம். வடித்த நீரிலேயே அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள். சாதாரணக் குழாய் நீர் உலரும்போது உப்புப் புள்ளி விட்டுப்போகும்.

போகவில்லையென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஃப்ளக்ஸ் படிவு இதில் கரையும். முதலில் கண்ணில் படாத ஒரு விளிம்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சில வார்னிஷ் பூச்சுகள் இதைத் தாங்காது. தாங்கினால் ரிஃப்ளெக்டரைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலை ஊற்றி வழியவிடுங்கள். பஞ்சால் தொட்டே ஆகவேண்டும் என்றால் நன்றாக நனைத்து, அதன் எடை மட்டும் படும்படி, அடியிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு.

செய்யவே கூடாதவையும் உண்டு. அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கரைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் காரமானது, அலுமினியத்துக்கு ஆகாது. உலோகம் தேய்க்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். 100 நானோமீட்டர் படலத்தில் தேய்ப்பதற்கு எதுவும் இல்லை. நாலு தேய்ப்பில் அடியில் இருக்கும் உடல் வெளியே வந்துவிடும். அலுமினியக் கட்டியைக் கடைந்து, மேலே பூச்சில்லாமல் செய்த ரிஃப்ளெக்டருக்கு மட்டுமே பாலிஷ் பொருந்தும்.

## புதியதை மாட்டுவதற்கு முன்

ஹாலஜன் டார்ச் என்றால் உலோக உடல் கொண்ட ரிஃப்ளெக்டர்தான். மிக அதிகச் சூட்டுக்கு ரோடியம் பூசியவையும் உண்டு. அலுமினியத்தைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பும், ஆனால் சூட்டையும் அரிப்பையும் தாங்கும். சில வேலைகளுக்கு அது நியாயமான பேரம்.

எல்இடி டார்ச் என்றால் முதலில் எல்இடியைச் சுற்றியிருக்கும் ஃப்ளக்ஸை ஆல்கஹால் நனைத்த பிரஷ்ஷால் முழுவதும் அகற்றுங்கள். எல்இடியின் குமிழை அழுத்தாமல் கவனமாகச் செய்யவேண்டும். தெர்மல் பேஸ்ட் மெல்லிய பூச்சாக இருக்கட்டும், பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். பசைக்குப் பதில் திருகாணி போட முடிந்தால் போடுங்கள். சூப்பர் க்ளூவை டார்ச்சின் தலைக்குள் கொண்டுவராதீர்கள்.

அப்புறம் ரிஃப்ளெக்டர் மாட்டாமலே, தலையைத் திறந்துவைத்து, வழக்கமாக எரியும் அளவுக்கு டார்ச்சைச் சில மணி நேரம் இடைவெளி விட்டு விட்டு எரியவிடுங்கள். கசியவேண்டியது இப்போதே கசிந்து வெளியே போகட்டும். கடைசியாக, சுத்தமான சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை எல்இடிக்கு மேலே, ரிஃப்ளெக்டரின் கழுத்து வரும் உயரத்தில் தாங்கி நிறுத்தி ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். ஆறியதும் கண்ணாடியை எடுத்து, கருப்புத் துணிக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பனிபோல ஏதாவது படிந்திருந்தால் இன்னும் எங்கோ கசிகிறது. எல்இடியைச் சுற்றி மறுபடி தேடுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் ரிஃப்ளெக்டரை மாட்டலாம்.